கடைமடை வோல்ட்டேஜ்

வயர்மேனை வரச் சொன்னோமே என்றார்கள்.
வந்திருக்கிறேனே என்று
மொபட்டிலிருந்து டூல்ஸ் பையை இறக்கினேன்.

நீடாமங்கலம் தாண்டி, கோரையாற்றின் தென்கரை.
ஆறு இன்னும் மணல்தான்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கல்லணையில் யாரோடோ பேசிக்கொண்டு நிற்கிறது.
குறுவை நாற்று பக்கிரிசாமியின் போரை நம்பி,
போர் ரெண்டு எச்.பி. மோட்டாரை நம்பி.
மோட்டார் இந்த வருஷம் இரண்டு தடவை எரிந்துவிட்டது.

"காயில் கட்டினவன் சரியில்ல" என்றார்.
மன்னார்குடியில் கட்டியவனை எனக்குத் தெரியும்.
செம்பு திருடாத கை.

மோட்டாரை ஓடவிட்டு
மீட்டர் பெட்டியில் முள்ளை வைத்தேன்: 230.
வரப்போடு நடந்து போய்
கொட்டகையில் வைத்தேன்: 194.
கிளாம்ப் ஒற்றை வயரைக் கவ்விக்கொண்டு சொன்னது:
பன்னிரண்டு ஆம்பியர்.

பக்கிரிசாமிக்கு ஓம் விதி தெரியாது.
தலைமடை 230, கடைமடை 194 என்றதும்
முகம் மாறிவிட்டது.
"நடுவுல எவன் மடையைத் தொறந்தான்?"

கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதினேன்.
குறைந்தது 36.
36-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மூன்று.
மூன்று ஓம், வயரின் மின்தடை.

"மின்தடை நேத்து ராத்திரியே வந்துட்டுப் போச்சே."

அது பேப்பரில் போடுகிற மின்தடை.
வந்தால் எல்லாம் நின்றுவிடும்.
இது பாடப்புத்தகத்து மின்தடை.
இது இருக்கும்போதும் எல்லாம் ஓடும்,
கொஞ்சம் குறைவாக, கொஞ்சம் சூடாக,
எரிகிற வரைக்கும்.

36-ஐப் பன்னிரண்டால் பெருக்கினேன். 432 வாட்.
ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி
வரப்பு மேல் கிடந்து நாள் முழுக்கக் காய்கிறது,
ஒரு சட்டையும் தேய்க்காமல்.
மோட்டாருக்குப் போய்ச் சேர்வது
194 தடவை பன்னிரண்டு, 2328.
அதிலும் பவர் ஃபேக்டர் என்று ஒருவன் பங்கு கேட்பான்.
அவனை இன்றைக்கு உள்ளே விடவில்லை.

வயர் போன வழியே போனேன்.
மூன்றாவது தென்னையடியில் ஒரு முறுக்கு ஜாயிண்ட்.
டேப் உருகி வெல்லப்பாகு மாதிரி வழிந்திருந்தது.
இரண்டு பக்கமும் முள்ளை வைத்தால் ஆறு வோல்ட்.
ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு.
வெளிச்சம் தராத ஒரு குண்டு பல்பு
இரண்டு அங்குலத்தில் குடியிருந்தது.

மெயினை இறக்கி, வெட்டி, சுரண்டி,
ஸ்லீவ் போட்டு நசுக்கி மூடினேன்.
கடைமடைக்கு ஆறு வோல்ட் திரும்பி வந்தது.

மீதி முப்பது?

அது ஜாயிண்டில் இல்லை, நீளத்தில் இருந்தது.
பெட்டிக்கும் கொட்டகைக்கும் நேர்கோடு முப்பத்தைந்து மீட்டர்.
வயர் போகிற வழி நூற்றைந்து.
நடுவில் கோவிந்தராசுவின் வயல்.
கூடப் பிறந்தவர். பாகம் பிரித்த அன்றைக்கு,
என் வரப்பு மேல உன் வயர் போகக் கூடாது என்றவர்.
அன்றிலிருந்து மின்சாரம்
மூன்று வரப்புகளைச் சுற்றிக்கொண்டு போகிறது,
இழவு வீட்டுத் தெருவை ஒதுக்கிப் போகிற
மாப்பிள்ளை அழைப்பு போல.

சுவரில் இன்னும் இரண்டு வரி எழுதினேன்.
தடித்த கேபிள் மாற்றினால் இத்தனை ரூபாய்.
நேர்வழியில் இழுத்தால்
முப்பது பத்தாகும், செலவு ஒன்றுமில்லை.
பக்கிரிசாமி முதல் வரியை மட்டும் படித்தார்.
என் கூலியை எண்ணிக் கொடுத்தார்.

மொபட்டை உதைக்கும்போது
அந்தப் பக்கத்து வயலில் களைக்கொட்டோடு ஒருவர்.
"மோட்டார் சத்தம் இன்னைக்கி வேற மாதிரி இருக்கே,"
என்னைப் பார்க்காமல் கேட்டார்.
இத்தனை நாளும்
காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
"இன்னும் எவ்வளவு கொறையுது?"

முப்பது என்றேன்.

தன் வரப்பை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை
கண்ணால் ஒரு தடவை நடந்து பார்த்தார்.
பிறகு குனிந்து
விட்ட இடத்திலிருந்து களையைக் கொத்தினார்.