புகார் எண் பதினான்கு

செயின்ட் ஜான் நகரில் பிப்ரவரி.
துறைமுகத்து மூடுபனி மாடிப்படி ஏறி வருகிறது
டிக்கெட் எடுக்காமல்.
வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பிஸ்கட் டப்பா, நான்.
ஆளுக்குப் பத்து டாலர்.
கொடுத்தவர் புறங்கையில் ஒரு முத்திரை குத்துவேன்:
‘தரம் சோதிக்கப்பட்டது.’
மூடிப்போன மத்தி மீன் ஆலையின் ஏலத்தில்
ஐம்பது சென்ட்டுக்குக் கிடைத்த முத்திரை.

எள் விழ இடமில்லாத இரவுகளும் இருந்தனவாம்.
இன்று எள் மூட்டையையே உருட்டிவிடலாம்.
ஏழு பேர். அதில் ஒருவர் கழிப்பறை தேடி வந்தவர்,
குளிருக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டார்.
மங்க்டனிலிருந்து வரவேண்டிய குழு
பனிப்புயலில், ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில்,
சூப் குடித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி.
ஆகவே மறுபடியும் பெர்னிஸ், மறுபடியும் மர்டோ,
போன வாரப் பாட்டுகளையே
புதுசு போல முகத்தை வைத்துக்கொண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம்
பழைய கிடங்கை அடுக்குமாடி ஆக்கினார்கள்.
விளம்பரப் பலகையில்
‘இசை துடிக்கும் வட்டாரத்தில் உங்கள் வீடு.’
குடிவந்த இரண்டாம் வாரம் முதல் புகார்.
சுவருக்குக் காது உண்டு, தெரியும்.
இந்தச் சுவருக்குக் கையும் உண்டு,
நல்ல கையெழுத்தும்.

நகராட்சி ஒலிமானியோடு ஒரு பையனை அனுப்பியது.
அளந்தான். அளந்து முடித்த பிறகும்
இன்னொரு பாட்டுக்கு நின்றான்.
காலால் தாளம் போட்டபடியே
அபராதச் சீட்டை எழுதினான்:
முந்நூற்று ஐம்பது டாலர்.
டப்பாவில் அன்று எண்பது.

பத்து ஐம்பதுக்கு அவள் வந்தாள்.
இரவு உடைக்கு மேல் குளிர்கோட்டு, வீட்டுச் செருப்பு.
“நான்தான் மூன்றாம் மாடி” என்றாள்.
“நான்தான் புகார்.”
ஒடெட் ரோபிஷோ. விடிய மூன்று மணிக்கு
ரொட்டி அடுப்பு மூட்டப் போகிறவள்.
கண்ணைப் பார்த்தால் மேலே எதுவும் கேட்கத் தோன்றாது.

“இரண்டு வருடமாக எனக்குப் பாதிப் பாட்டுதான் வருகிறது.
டும் டும் மட்டும்.
அதற்கு மேல் என்னதான் இருக்கிறது என்று
பார்த்துவிட்டுப் போகிறேன்.”

பணம் தரவில்லை. ஆனால் கையை நீட்டினாள்.
குத்தினேன்.

இவான் டூசே அன்று பாடியதுபோல் என்றும் பாடியதில்லை
என்று சொல்ல ஆசைதான்.
வழக்கம்போல்தான் பாடினான்,
சரணத்தில் ஒரு வரியை மறந்து.
கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.
“இவ்வளவுதானா?” என்றாள்.
“நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.”
எந்த மாதிரி என்று கேட்டேன்.
வாய் திறந்தாள்; ஏதோ முதல் சுரம்
தொண்டை வரைக்கும் வந்தது போலிருந்தது.
பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.
இரண்டு வருடம் அந்த டும் டும்முக்கு மேல்
அவள் கட்டிவைத்திருந்த பாட்டை
நாங்கள் யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்த வாரம் தபாலில் பதினான்காம் புகார்:
‘வியாழன் இரவு 10.40. சத்தம் அதிகம்.
தவிர, இரண்டாம் பாட்டில் டிரம்
மயிரிழை பிந்துகிறது. எப்போதுமே பிந்துகிறது.’

இந்த ஊர் நாளிதழில்
இசையைப் பற்றி எழுத ஆளில்லாமல் போய்
நான்கு வருடம் ஆகிறது.
மர்டோ மூன்று நாள் திட்டித் தீர்த்தான்.
நான்காம் நாள் கடிதத்தை
ஃபியூஸ் பெட்டிக்கு அருகில் ஒட்டினான்,
யாரிடமோ ஒரு மெட்ரோனோம் இரவல் வாங்கினான்.

விசாரணை பத்தொன்பதாம் தேதி.
வாடகை அதற்கும் முன்பே.
இப்போதெல்லாம் இரண்டாம் பாட்டு முடிந்ததும்
கைதட்டல் வருகிறதோ இல்லையோ
நாலு பேரும் சுவரைத்தான் பார்க்கிறார்கள்.
சுவர் ஒன்றும் சொல்லாது.
சொன்னால், எழுத்தில்தான்.