இரட்டைக்கிளவி

ஹெப்பாள் மேம்பாலத்தில் பேருந்து
மூன்றாம் முறையாக அணைந்தபோது
லிங்டோ அனுப்பிய வீடியோ வந்தது.
பன்னிரண்டு நொடி.
கருவுக்கு வயது இரண்டு நாள்.
இதயம் துடிக்கிறது.

துடிக்கக் கூடாது.

அதற்கான மரபணுவை
நான்தான் வெட்டினேன், போன ஆடியில்.
மூன்று தலைமுறை காத்திருந்தேன்,
ஒவ்வொரு வால்நுனியாகக் கிள்ளிச் சோதித்து.

ஊரே ஸ்வெட்டர் போட்டிருக்கும் காலையில்
எங்கள் மீன் அறையில் மட்டும்
இருபத்தெட்டரை டிகிரி,
பதினான்கு மணி நேரப் பகல்.
புட்டராஜு தொட்டிகளுக்குத் தீனி போடுகிறார்.
மீன் என்கிறேன் நான்,
மீனு என்கிறார் அவர்.
ஓர் உகரம்தான் கூடுதல்.
"நாற்பத்தொன்றில் எல்லாம் சௌக்கியம், மேடம்."
சௌக்கியம்தான் பிரச்சினை.

அ-வை வெட்டினேன்.
ஆ இருந்தது.

முப்பது கோடி வருஷத்துக்கும் முன்னால்
ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு முட்டையில்
மொத்தப் புத்தகமும் இரண்டு தடவை அச்சாகிவிட்டது.
மெய்ப்புத் திருத்த ஆளில்லை.
அந்த மீன் செத்திருக்க வேண்டும்.
சாகாமல் முட்டையும் இட்டது.
ரஸ்ஸல் மார்க்கெட்டில் இன்று
ஐஸ்மேல் வாய் பிளந்து கிடக்கிற
கட்லா, வஞ்சிரம், சங்கரா, வாளை
அத்தனையும் அந்த அச்சுப்பிழையின் பிள்ளைகள்.
சுறா இல்லை.
சுறா அதற்கு முன்பே
பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் பிரதிகளில் பெரும்பாலானவை
கெட்டுப்போயின.
சிலவற்றின் தடத்தை இன்னும் படிக்கலாம், பேசாது.
மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்கிறவர்களின் காலடியில்
ஒரு காலத்தில் ஏரி இருந்ததாமே,
அப்படி.

மிஞ்சியவை என்ன செய்தன என்பதற்கு
எட்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வி உண்டு:
பிரித்தால் பொருள் தருவது அடுக்குத்தொடர்,
தராதது இரட்டைக்கிளவி.
வேறுபாட்டை எழுதிவிட்டு
அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.
இப்போது தெரிகிறது,
அடுக்குத்தொடராகத்தான் ஆரம்பிக்கின்றன எல்லாமே.
ஒன்று போனால் மற்றொன்று போதும்.
பிறகு, அவசரமே இல்லாமல்,
ஒன்று கண்ணை எடுத்துக்கொள்கிறது,
மற்றது துடுப்பை.
ஒன்று காலையை, மற்றது இரவை.
தனக்கு வராது என்று ஒன்று விட்ட வேலையை
மற்றது மறக்காமல் வைத்திருக்கிறது.
ஒரு நாள் பிரித்துப் பார்த்தால்
இரண்டுமே பாதி.

எந்த நாள் அது?
என் மீனுக்கு வந்துவிட்டதா?

"விளைவு ஏதுமில்லை என்று எழுது,
அதுவும் விளைவுதான்" என்றார் நஃபீசா.
எழுதினேன். கோப்பைச் சேமித்தேன்.
இரவு ஒன்பதுக்கு மேல்
மீன் அறையின் விளக்குகள் தாமாக அணைந்த பிறகு
ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு
நுண்ணோக்கியடியில் உட்கார்ந்தேன்.
ஐந்தாம் நாள். கண்ணாடி உடம்பு.
இரண்டே அறை இதயம்,
கடுகில் கால்வாசிகூட இல்லை.
எண்ணினேன்.
நூறு வரை ஒன்றுமில்லை.
நூற்றுப் பதினேழில்
ரத்தம் போன வழியே
ஒரு துளி திரும்பி வந்தது.

மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
கழுத்து வலித்தது. வெளியே
கடைசிப் பேருந்தும் போயிருக்கும்.

படபட படபட படபட
பட

பட