எடைமேடை

என் மேடையில் லாரி இரண்டு முறை ஏறும்.
கரும்போடு ஒரு முறை, வெறுமையாய் ஒரு முறை.
கழித்தால் வருவது சரக்கு.
பதினெட்டு வருஷமாய் சென்-லூயியில்
இந்தக் கழித்தலுக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அப்புறம் துளைக்கருவி இறங்கும்.
சுமைக்குள் குத்தி ஒரு வாய் எடுத்து,
பிழிந்து, சாற்றுக்குள் ஒளியை விட்டு,
எவ்வளவு சர்க்கரை என்று சீட்டு அடிப்போம்.
எண் ஏறினால் கரும்புக்காரன்
தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொள்வான்.
காசு.

அதே மேஜை இழுப்பறையில்
என் ஊசி, என் பட்டை, என் கருவி.
லிட்டருக்கு இரண்டு கிராம் அறுபது.
மறுநாள் இரண்டு எழுபத்தைந்து.
எண் ஏற ஏற எனக்கு யாரும் எதுவும் தரவில்லை;
கால் பெருவிரலிலிருந்து தொடங்கி
உணர்ச்சியைப் பிடித்தம் செய்துகொண்டார்கள்.

போன வருஷம் தீமிதியில் இறங்கினேன்.
சுடவே இல்லை.
ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது.
எனக்குத் தெரியும், அது பாஞ்சாலி இல்லை.

நடங்க என்றார்கள், நடந்தேன்.
சோற்றைக் குறைங்க என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமை சோறும் பயறும் கோழிக்கறியும்
தக்காளி ருகாயும் நிறைந்த மேஜையில்
குறைத்துச் சாப்பிடுகிறவள்
துஷ்டி கேட்க வந்தவள் மாதிரி.
நூற்றுப் பதினெட்டு கிலோ.

இந்த ஜனவரியில், ஆலை வாய் மூடியபின்,
ஊர் தீமிதிக்கு மஞ்சள் கட்டிக்கொண்டபோது
நான் சென்-பியேர் ஆஸ்பத்திரியில் பட்டை கட்டிக்கொண்டேன்:
வைத்திலிங்கோன், ஜிஸ்லேன்.
டாக்டர் ஓவாரோ வரைந்து காட்டினார்.
முட்டையளவு ஒரு பையை ஒதுக்கி,
மிச்ச வயிற்றைப் பூட்டி,
குடலை அறுத்துத் தூக்கிவந்து பையோடு தைப்பது.
பேனா வழுக்கி ஒரு கோடு என் கைமேல் விழுந்தது.

மூன்றாம் நாள்.
எடை ஒன்றரை கிலோ கூடியிருந்தது,
எல்லாம் குழாயில் ஏற்றிய உப்புநீர்.
சர்க்கரை ஒன்று பூஜ்யம் எட்டு.

நர்ஸை நிறுத்தினேன்.
கருவி பழுது, மாற்றுங்க.
வேறு விரல், வேறு கருவி.
ஒன்று பதினொன்று.

என் மேடையில் இப்படி நடந்திருந்தால்
ஆளைப் பிடித்திருப்பேன்.
வண்டி இன்னும் இறக்கவே இல்லை,
சீட்டில் மட்டும் இனிப்பு எப்படி இறங்கும்?

பட்டினியா என்றேன்.
பாதி அதுதான் என்றார் டாக்டர்.
மீதிப் பாதி?
புதுப்பாதை போட்டால் சந்தை இடம் மாறாதா, அப்படி.
சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போய்விடுகிறது,
அங்கிருந்து கணையத்துக்கு ஆள் ஓடுகிறது:
எழுந்திரு, விருந்தாளி வந்தாச்சு.
முழுசாய் எங்களுக்கும் தெரியாது என்றும் சொன்னார்.
அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நம்பினேன்.

இன்சுலின் பேனா குளிர்பெட்டிக் கதவில்
வெண்ணெய்க்குப் பக்கத்தில் காலாவதியாயிற்று.
சீப்பில் முடி கற்றையாய் வந்தது.
சர்க்கரைவள்ளிக் கேக் ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு,
வேர்த்து, நெஞ்சு அடித்து,
எடைக்கூண்டின் தரையில் படுத்துக் கிடந்தேன்,
வெளியே மூன்று லாரி ஹாரன் அடிக்க.
கால் மட்டும் திரும்பவில்லை.
பிடித்தம் பிடித்தம்தான்.

ரெஜி மார்தாயேக்கும் அதே டாக்டர், அதே கத்தி.
இருபது வருஷச் சர்க்கரைக்காரன்.
முப்பது கிலோ இறங்கியும் பாதி ஊசி நிற்கவில்லை.
என் கணையம் கிழட்டு மாடு, என்கிறான்,
தார்க்குச்சியைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டும்.
போயிற்று என்று சொல்லாதே, ஜிஸ்லேன்,
தூங்குகிறது என்று சொல்.

ஆகஸ்ட். ஆலைப்புகை.
அவன் லாரி மேடை ஏறுகிறது.
ஜன்னலுக்கு வந்து விரலை நீட்டுகிறான்,
என் கருவியில், என் பட்டையில், ஓசியில்.
அவனுக்கு ஒன்று எழுபது.
எனக்கு ஒன்று இருபத்துநாலு.
போன வாரம் ஒன்று பதினெட்டு.

கரும்பு எவ்வளவு என்கிறான்.
பதினாலரை.
தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொள்கிறான்.
சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன்.
இறக்கிவிட்டு வா, ரெஜி.
இன்னொரு முறை ஏறணும்.