பூஜ்யம் தட்டுதல்

ஆளில்லாத வாசலில் விளக்கு எரிகிறது.
மூன்று ராத்திரியாய் இதே கணக்கு:
இரண்டு பத்துக்கு ஒருமுறை,
இரண்டு பதினேழுக்கு ஒருமுறை,
அப்புறம் மூன்றே முக்காலுக்கு மேல்
அணைந்து அணைந்து ஐந்து தடவை.

எனக்கு எடைமேடையில் வேலை.
ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலை.
வண்டி ஏறாமல் எண் அசைந்தால்
தட்டுக்கடியில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிவேன்,
சேற்றைத் தள்ளுவேன்,
பூஜ்யம் தட்டிவிட்டு
அடுத்த கிழங்கு லாரியைக் கூப்பிடுவேன்.
வாசலுக்கு அப்படியொரு பொத்தான் இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்.
பாதியாய் வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்துபோல
வெள்ளையாய் ஒரு கண்.
அதன்மேல் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.
காலி செய்ய வைத்தேன்.
அன்று இரண்டு பத்துக்கு
இன்னும் பளிச்சென்று எரிந்தது.

மாசிநாயக்கன்பட்டி முழுக்க வயரிங் பார்க்கும்
தஸ்தகீர் வந்தார்.
"இதுக்குப் பார்வை கெடையாதுங்க.
சூடு நகர்ந்தா தெரியும், அவ்வளவுதான்.
நாயும் நீங்களும் அதுக்கு ஒண்ணுதான்."
மூன்று திருகுகள் இருந்தன: நேரம், தூரம், இருட்டு.
தூரத்தைக் கொஞ்சம் குறைத்தார்.
நூற்றைம்பதைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

நாய் ஒழிந்தது. இரண்டு பத்து ஒழியவில்லை.

லீவு நாளில் ஜன்னலருகே கண்விழித்து உட்கார்ந்தேன்.
சரியாக இரண்டு பத்துக்கு
பக்கத்து வீட்டு மனோன்மணியின் ஏசி
சுவருக்கு இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது.
அந்தச் சூட்டில் என் பப்பாளி இலை ஆடியது.
விளக்கு எழுந்து விசாரித்தது.
மூன்றே முக்காலுக்கு ஒரு பெருச்சாளி.
சரி, அது நியாயம்.
ஆனால் மீதி நான்கு?

அப்போதுதான் பிடிபட்டது.
நான் மாட்டியது பழைய அறுபது வாட் மஞ்சள் பல்பு.
அணைந்ததும் அது ஆறுகிறது.
ஆறுவதைப் பக்கத்திலிருந்தே கண் பார்க்கிறது.
யாரோ வந்துவிட்டார்கள் என்று
தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது.
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
எனக்கும் சில ராத்திரிகள் அப்படித்தான்.

பல்பை மாற்றினேன்.
ஏசி பக்கமாய்க் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டினேன்.
இரண்டு இலைகளை வெட்டினேன்.
ஒரு மாதம் இருட்டு
இருட்டாகவே இருந்தது.

பிறகு சித்திரை.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து
ஒன்றரை மணிக்கு வந்து நிற்கிறேன்.
பகல் முழுக்க வெயில் குடித்த சுவர்
இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது.
விளக்கு எரியவில்லை.
கையை ஆட்டினேன்.
இரண்டடி பின்னால் போய் மறுபடி நடந்து வந்தேன்.
குதித்தேன்.
"என்னங்க, ஊட்டுக்குள்ள போகலையா?"
மனோன்மணியின் ஜன்னல் கேட்டது.

சுவரும் நானும் ஒரே சூடு.
மேடையில் முழு லாரி நிற்கிறது,
எண் பூஜ்யம் என்கிறது.
இதற்கு எந்தக் கல்லைத் தேடுவது?

பையில் ஒரு மோர் பாக்கெட் இருந்தது,
கேன்டீன் பெட்டியிலிருந்து எடுத்தது,
ஓரத்தில் ஐஸ் இன்னும் கரையாமல்.
அதை எடுத்து
அடையாள அட்டைபோல உயர்த்திக் காட்டினேன்.

எரிந்தது.

சாவி போட்டேன், செருப்பை உதறினேன், உள்ளே போனேன்.
கதவிடுக்கில் வெளிச்சம்
இன்னும் இரண்டு நிமிடம் நின்றது,
மோருக்காக.