ஓரம் காப்பவர்கள்

நாகர்கோவில், செட்டிகுளம்.
டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. இரவு இரண்டே கால்.
தலையும் வாலும் நறுக்கிய சூரைமீன் மாதிரி ஒரு பந்து,
அதை வைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு எண் எட்டு.
ஏதோ அமெரிக்க ஊர், ஏதோ பனி. ஒலி கிடையாது.
துண்டு துண்டாய் வரும் ஆட்டத்தில்
யார் எங்கே நின்றான், எப்படிக் கோட்டைவிட்டான் என்று
நான் பொத்தான் அமுக்க வேண்டும்.
ஒரு ஷிப்டுக்கு நூற்றெண்பது துண்டு.

மற்ற ஊர்களில் அந்த இடத்தில் நிற்கிறவன்
எறிவான், அதோடு சரி.
எட்டு, எறிகிற மாதிரி கையைத் தூக்கிவிட்டு
காலால் யோசிக்கிறவன்.

முதல் மாதம் எனக்குப் பாய்கிறவர்களைத்தான் பிடித்தது.
ஓரத்தில் நிற்கும் தடியன் முழுவேகத்தில் வருவான்.
எட்டு ஒரு தோளைத் தாழ்த்துவான்.
தடியன் தாண்டிப் போய்ப் பனியைக் கட்டிக்கொள்வான்,
அவன் விட்டுவந்த இடம்தான் வாசல்.

குறும்பனையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
கரமடி இழுக்கிற எவனுக்கும் தெரியும்,
கிழக்குக் கயிறு அவசரப்பட்டால் மடி கோணும்,
சாளை மொத்தமும் மேற்கே நன்றி சொல்லிப் போகும்.
மடி நெருங்கும்போது ஒருவன் கடலில் இறங்கி
தண்ணீரை அடித்துக்கொண்டு நிற்பான்.
மீனைத் தொடமாட்டான்.

அவன் இங்கேயும் இருக்கிறான்.
உளவன் என்று பெயர்.
எட்டு இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம்,
நின்றால் நிற்பான், கண்ணாடிக்குள் இருக்கிறவன் போல.
பந்தைப் பார்ப்பதில்லை. முகத்தையும் பார்ப்பதில்லை.
கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்,
இடுப்பு சொல்லாது.

உளவன் நிற்கிற நாளில் மற்றவர்களும் மெதுவாகவே வருவார்கள்,
பீரோ நகர்த்துகிறவர்கள் மாதிரி,
இடைவெளி அளந்து, யாரும் யாரையும் முந்தாமல்.
எட்டுக்குப் பயம் வருவது அப்போதுதான்.

எங்கள் வீட்டிலும் யாரும் பாய்வதில்லை.
அம்மா ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.
டெல்பின் அத்தை ஃப்ரிட்ஜ் கதவில்
காந்தம் வைத்து ஒரு மாப்பிள்ளை போட்டோ மாட்டினாள், அவ்வளவுதான்.
அண்ணன் கத்தாரிலிருந்து, "சாப்பிட்டியா பிள்ளே?"
விடியக்காலை வேன் குளச்சலில் இறக்கிவிடும்போது
வின்சிலாஸ் மாமா சாயா குடித்துக்கொண்டிருப்பார்.
எதிரே வரமாட்டார்.
நான் நடந்தால் நடப்பார், ரோட்டின் மறுபக்கம்,
இரண்டு வருடமாக அதே இடைவெளி.
என் முகத்தைப் பார்ப்பதில்லை,
பையின் கனத்தைப் பார்ப்பார்.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது.
பின்வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு ஆளைத் துரத்தி
முதுகு காட்டி ஓடும் தருணம்.
எட்டு நடுவில் புறப்பட்டுவிடுவான்.
கூட்டம் எழுந்து கத்தினால்தான் அவர்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பையைக் காலியாக விட்டேன்.
சான்றிதழ்கள் வயிற்றோடு, துப்பட்டாவுக்கு அடியில்.
கழக்கூட்டத்தில் பத்து மணிக்கு இன்டர்வியூ.
திங்கள்சந்தையில் வேனை நிறுத்தச் சொன்னேன்,
வாந்தி வருகிறது என்று. டிரைவர் நம்பினான்.
ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்,
இரணியல் ஸ்டேஷன், பனிக்கு நடுவே மஞ்சள் பலகை,
பிளாட்பாரத்தின் கடைசியில்
காலர் தையல் பிரிந்த சட்டை போட்ட ஒரு முதுகு.

எனக்கு இடுப்பு நகரவில்லை.

ரயில் வந்தது. முதுகு அப்படியே இருந்தது,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு.
திரும்பியிருந்தாரா, திருப்பிக்கொண்டாரா?
அதற்கு எங்களிடம் பொத்தான் இல்லை.

ஏறி உட்கார்ந்து பள்ளியாடி தாண்டும்வரை
அவர் கையில் சாயா இருந்ததா இல்லையா என்றே
யோசித்துக்கொண்டிருந்தேன்.