கூடுதல் பலகை

ஹார்னெபெக் நகராட்சியில் பலகை மாற்றுகிறவன் நான்.
ஜெனரல் டோர்ன்ஸ்டெட் தெருவுக்கு
இது மூன்றாவது முறை ஏணி சாத்துகிறேன்.

முதல் தடவை சிவப்புச் சாயத்தைச் சுரண்டினேன்.
அடுத்த தடவை, சாயம் பூசியவனைத் திட்டி
யாரோ ஒட்டிய தாளை.
பசை, சாயத்தைவிடப் பொல்லாதது.

பாலத்தை அவர் தகர்க்கவில்லை.
நாற்பத்தைந்து ஏப்ரலில் வெடிமருந்து கட்டியாகிவிட்டது,
திரியும் நீட்டியாகிவிட்டது.
ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்து
அவிழுங்கள் என்றாராம்.
அந்தப் பாலத்தின்மேல்தான்
என்னைத் தள்ளுவண்டியில் வைத்து
அம்மா ரொட்டி வாங்கப் போனாள்.

மூன்று வருடங்களுக்கு முன்
வீப்கே ஓஸ்டென்டார்ப் ஆவணக் காப்பகத்தில்
ஒரு கோப்பைப் பிரித்தாள்.
சரூப்கி. பெலாரஸ் சதுப்புக்கு நடுவே ஓர் ஊர்.
நாற்பத்திரண்டு மார்ச், பனி உருகாத வாரம்.
வீடு முப்பத்தொன்று, கிணறு இரண்டு.
ஓரத்தில் ஊதாப் பென்சிலில் அவருடைய முதலெழுத்து,
அவசரமே இல்லாமல் வளைந்த வால்.

கூட்டம் நாலரை மணி நேரம்.
அவரே போய் எரித்தாரா, என்றார்
மருந்துக்கடை லுட்கர் ப்ரூன்ஸ்.
கிணற்றை எரிக்கவில்லை, என்றாள் வீப்கே,
நிரப்பினார்கள்.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்
மேசைமேலிருந்த தண்ணீரை ஒருவரும் தொடவில்லை.

பாலத்துக்கு ஒரு 'என்றாராம்' போதுமாயிருந்தது.
சரூப்கிக்குச் சான்றொப்பம் கேட்டார்கள்.

பெயரை எடுக்கப் பதின்மூன்று கை,
வைக்கப் பதின்மூன்று,
ஒருவர் கழிவறையில்.
ஆகவே பெயர் இருக்கும்; கீழே விளக்கமும் இருக்கும்,
நாற்பது சென்டிமீட்டரில் மூன்று வரி.
வினைச்சொல்லுக்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது.
'உத்தரவிட்டார்' கூடாது என்றது ஒரு தரப்பு,
'அறிந்திருந்தார்' போதாது என்றது மற்றது.
கடைசியில் ஆளே இல்லாத வாக்கியம் ஒன்று வந்தது:
சரூப்கி அழிக்கப்பட்டது.
'யாரால்' என்பது
அச்சகத்துக்கு வரும் வழியில்
எங்கோ இறங்கிக்கொண்டது.

சிறையில் நாலு வருடம் இருந்தார்.
பிறகு இதே தெரு ஒன்பதாம் எண் வீட்டில்
பேரிமரம் வளர்த்தார்.
எழுபத்தொன்றில், தூக்கத்தில், இறந்தார்.
(இறந்தார் என்றே வாயில் வருகிறது.)
வேலிக்கு மேலாக ஒருநாள்
எனக்கொரு காய் நீட்டினார்.
கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.
நன்றாக இனித்தது.
வீப்கேயிடம் இதைச் சொல்லவில்லை,
ப்ரூன்ஸிடமும்.

மூன்று திருகாணி இறுக்கியாயிற்று.
நாலாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
எப்படியும்
ஓய்வுபெறும் முன் இன்னொரு தடவை
ஏறச் சொல்வார்கள்.