நானூறு டிகிரி

வெரேனா என் நாத்தனார்.
கோடை மூன்று மாதமும்
கோஷெனன் பள்ளத்தாக்குக்கு மேலே
கயிற்றில் தொங்கிப் படிகம் தேடுவாள்.
நான் கீழே கோப்பை வனைகிறேன்.
எங்களுக்குள் பேச்சென்றால்
ரொட்டி, விறகு, வாடகை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு கல்லைக்
கம்பளிக் காலுறையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
புகைநிறம். முழங்கை நீளம்.
இறங்கும் வழியில் சறுக்கி விழுந்ததில்
இரண்டாய் உடைந்திருந்தது.
காலுறையைத்தான் திட்டினாள்.

எனக்குத் தெரிந்த நிறம் வேறு.
இரும்பைக் கரைத்துப் பூசினால் தேன்.
காற்றை அடைத்துச் சுட்டால்
அதே இரும்பு பச்சை.
கோபால்ட் ஒரு சிட்டிகை கூடினால்
நீலம் முகத்தில் அறையும்.
நிறத்தை நான் எடைபோட்டு வாங்குகிறவள்.
ஆகவே கேட்டேன்:
இதில் எதைக் கலந்தது மலை?

ஆல்ட்டோர்ஃபில் கல் சோதிக்கும் ஒட்டிலியா
அன்று சாப்பிட வந்திருந்தாள்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"வங்கி வாசல் படிக்கட்டு சிவப்பாக இருக்கிறதே,
அது துரு. ஃபெல்ட்ஸ்பாருக்குள்
தூசியிலும் தூசியாய்.
கருப்பு மைக்கா, அதுவும் இரும்புதான்.
பக்கத்துப் பக்கத்து அணுக்கள்
ஓர் எலக்ட்ரானைக் கைமாற்றிக் கைமாற்றி
வெளிச்சத்தைத் தின்றுவிடும்.
இது அப்படியில்லை.
இதில் யாரும் எதையும் பூசவில்லை."

சிலிக்கான் உட்காரவேண்டிய இடத்தில்
எப்போதாவது ஓர் அலுமினியம்
தெரியாமல் உட்கார்ந்துவிடுமாம்.
அதனால் மட்டும் நிறம் வந்துவிடாது.
சுற்றிலும் கருங்கல். அதில் பொட்டாசியம்,
துளி யுரேனியம், துளி தோரியம்.
ஒன்றரைக் கோடி வருஷம்
சத்தமில்லாமல் கதிர் வீசிக்கொண்டிருக்க,
பட்ட இடத்தில் ஓர் எலக்ட்ரான்
எழுந்து போய்விடும்.
காலியான இடம் வெளிச்சத்தைக் குடிக்கும்.

புகை என்கிறோம்.
ஆள் இல்லாத நாற்காலி அது.

"சூடு காட்டினால்?"
வெரேனா கேட்டாள்.
"நானூறு டிகிரியில்
போனது வீடு திரும்பும்."
"கதை" என்றாள் வெரேனா,
ஆனால் பார்வை என் சூளைமேல்.

கோப்பை வேகும் சூட்டில் படிகம் நொறுங்கும்.
அதற்கென்றே ஓர் இரவை ஒதுக்கினோம்.
ஒரு பாதியை மணலில் புதைத்து
மெல்ல ஏற்றி, நானூறில் நிறுத்தி,
மெல்ல இறக்கினோம்.
மின்கட்டணம் அவள் பொறுப்பு என்று பேச்சு.

மறுநாள் மாலை மணலைத் துழாவினேன்.
கையில் வந்தது தண்ணீர்.
அதன் வழியே பார்த்தால்
சூளைச் செங்கல்லின் எண் தெரிந்தது,
கொஞ்சம் கோணலாக.

உடைந்த முகங்களைச் சேர்த்துப் பார்த்தாள்.
மயிரிழை பிசகாமல் பொருந்தின.
ஒரே கல், பாதிவரை இரவு.
நெடுநேரம் கழித்துச் சொன்னாள்:
"ஒன்றரைக் கோடி வருஷம்.
ஒரே ராத்திரியில் துடைத்துவிட்டோம்."

எனக்கு வேறொன்று உறுத்தியது.
என் தொழிலில் சுட்டது திரும்பாது.
கோப்பை மறுபடி சேறாகாது,
உடைத்து எறிந்தாலும் ஓடுதான்.
இங்கே நெருப்புதான் போய்
ஓடிப்போனவர்களை அழைத்துவந்திருக்கிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

செப்டம்பரில், முதல் பனிக்கு முந்திய நாள்,
தனியாக மேலே போனாள்.
சுத்தியல் எடுக்கவில்லை.
வெறும் பையோடு திரும்பினாள்.

குளிர்காலத்தில் வரிக்கணக்கு எழுத
அவள் நோட்டைத் திறந்தேன்.

பாதி, கருப்பு: மிலான் வியாபாரி, ரொக்கம்.
பாதி, நிறமற்றது: கடன்.
யாருக்கு: அதே பொந்து.
திரும்ப வரும் தேதி:

அங்கே பென்சில் முனையை
அழுத்தி வைத்து எடுத்த புள்ளி.
வேறு ஒன்றுமில்லை.

அடுத்த வரியில்
சூளை மின்சாரம், முப்பத்தொரு ஃப்ராங்க்.
அதை இன்னும் தரவில்லை.